மடுவின்கரைப் புல்வெளி

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிற சந்தைக்கு இரும்புச் சாமானும் பழைய நாற்காலியும் வாங்க வருகிறவர்களே அதிகம். ஆனால் தை மாதத்தின் கடைசி வெள்ளியன்று நான் அங்கே போனது ஒரு கருக்கரிவாள் வாங்குவதற்காக. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எழுந்த புல், இடுப்பளவு வளர்ந்து, கதிர் தள்ளி, காற்று வீசும்போதெல்லாம் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தது; அதை எப்போது அறுப்பது, எவ்வளவு அறுப்பது, அறவே செதுக்கி எறிந்துவிடுவதா என்பதில் வீட்டாருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் நெடுநாளாக இருந்துவந்தது.

சந்தையில் நாற்றுக்கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், பாயைச் சுருட்டிவைத்தாற்போல் மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்த புல்லைச் சதுர அடிக் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். மெக்சிகன் புல் என்று ஒன்று, கொரியன் புல் என்று ஒன்று. அதற்குப் பத்தடி தள்ளி ஒரு பெண்மணி பூந்துடைப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். அதுவும் மலையில் விளைகிற ஒரு புல்லின் பூங்கொத்துதான். இன்னும் கொஞ்சம் நடந்தால் வெட்டிவேர்க் கட்டு. பூக்காரியின் கூடையில் பிள்ளையாருக்கு அறுகம்புல். பூஜைக்கும் வாசனைக்கும் பெருக்குவதற்கும் புல்லையே நம்பியிருக்கிற ஜனங்கள், அந்தப் புல் தங்கள் வீட்டுக்கு அருகே தன் இஷ்டப்படி நிமிர்ந்து நின்றால் மட்டும் ஏன் இவ்வளவு கலவரம் கொள்கிறார்கள் என்று அரிவாளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே யோசித்தேன். கிண்டியை அடுத்த மடுவின்கரையிலிருக்கும் என் நண்பர், ‘எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கோல்ஃப் திடலின் புல் எல்லாம் தெரிகிறது, ஒரு நாள் வந்து பாருமய்யா’ என்று இரண்டு மாதமாக அழைத்துக்கொண்டிருந்தது அப்போது ஞாபகம் வந்தது. வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன். கால் மணி நேரப் பிரயாணம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தப் பாதையின் இருபுறமும் ஏரியும் வயலும் பொட்டலுமாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது பொட்டல் என்று மிஞ்சியிருப்பவை ராணுவத்தின் நிலமும், விமான நிலையத்தின் நிலமும், மலைச்சரிவும்தான். பல்லாவரத்து ராணுவ மைதானத்தருகே சரளை மண் தோண்டிய பள்ளத்தில்தான் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் கருவி என்று இனம் கண்டு சொல்லப்பட்ட முதற்பொருள் அதுவே. ஒன்றுமில்லாத தரை என்று ஆயிரம் பேர் நடந்துபோன இடத்தை ஒருவர் நின்று பார்த்ததால் கிடைத்தது அது. இந்தப் பக்கத்துப் பொட்டல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவு வராமல் இருப்பதில்லை.

திரிசூலத்தைத் தாண்டும்போது சாலைக்கு அப்பால் விமான நிலையம் தெரிகிறது. விமானம் ஓடுகிற பாதையின் இருமருங்கும் புல்தான் என்பதையும், அந்தப் புல்லின் உயரம் ஒரு பெரிய சாஸ்திரம் என்பதையும் பிரயாணிகள் பெரும்பாலோர் அறிவதில்லை. புல்லை ஒட்ட வெட்டினால் மண்ணிலுள்ள புழுவும் பூச்சியும் வெளிப்பட்டுப் பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன. அவை விமானத்தின் இயந்திரத்தில் சிக்கினால் உயிராபத்து. அதனால் இங்கிலாந்தின் விமானப்படைத் தளங்களில் புல்லை ஆறு முதல் எட்டு அங்குலம் வரை வேண்டுமென்றே விட்டுவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அந்த உயரத்தில் பறவைக்கு இரையும் தெரிவதில்லை, தன்னைப் பிடிக்க வரும் பகையும் தெரிவதில்லை, ஆகவே அது இறங்க அஞ்சுகிறது. அதற்கும் மேலே வளரவிட்டாலோ எலி குடியேறும். எலியைத் தேடிப் பருந்து வரும். புல் உயரமா குட்டையா என்பது அழகைப் பொறுத்த விஷயமன்று. அந்த நிலத்தில் யார் வாழ வேண்டும், யார் வரக்கூடாது என்பதைப் பொறுத்த விஷயம்.

கிண்டியில் இறங்கி ரேஸ் கோர்ஸ் ரோட்டின் வழியாக நடந்தேன். இடதுபுறம் நீண்டுகொண்டே போகிற அந்த மதிற்சுவருக்குள் இருப்பது சுமார் 160 ஏக்கர் நிலம். 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு அரசாங்கத்தால் விடப்பட்டது. குதிரைகள் ஓடுகிற வட்டத்துக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ஃப் திடல். வாடகைப் பாக்கி காரணமாக 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. அங்கே 118 ஏக்கரில் ஜனங்களுக்கான பசுமைப் பூங்கா ஒன்று அமைக்கப்போவதாக அறிவித்தது. வேளச்சேரி வட்டாரத்து வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளக் குளங்களும் வெட்டியது. நியாயஸ்தலத்தில் நடந்த, நடக்கிற வழக்குகளுக்குள் நான் புகவில்லை. இதுவரை சிலர் பந்து விளையாடிய நிலம் பலர் உலாவும் நிலமாகப் போகிறது என்பதும், அந்த நிலத்தை ஒட்டி வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன என்பதும், அதன் புல்லை என்ன செய்வது என்பதை இனி நாமெல்லோரும் சேர்ந்து தீர்மானித்தாக வேண்டும் என்பதுமே என் கவலை.

ரேஸ் கோர்ஸைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்களைக் கவனித்தால் ஒரு விசேஷம் புலப்படும். குதிரைப் பந்தயத்தின் கணக்கில் பிறந்த ‘ஐந்து பர்லாங் சாலை’ ஒருபுறம். அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்த ‘மடுவின்கரை’ மறுபுறம். மடு என்றால் ஆழமான நீர்நிலை. அதன் கரையில்தான் இன்று வீடுகள் இருக்கின்றன; மடுவைக் காணோம். 2015-ஆம் வருஷத்து டிசம்பர் வெள்ளத்தை நேரில் பட்டவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நண்பரின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது, தை மாதத்து மாலை வெயிலில், நான் எதிர்பார்த்ததைவிட அழகான காட்சி ஒன்று கண்ணுக்குக் கிட்டியது. முன்பு நாள்தோறும் மிஷின் ஓடி வழவழப்பாக இருந்த இடங்களில் புல் முழங்காலளவுக்கு எழுந்திருந்தது. ஒருபோதும் மிஷின் போகாத ஓரங்களில் ஆளுயரம் நின்றது. ஒரே பச்சை அன்று அது; வைக்கோல் நிறம், செம்பு நிறம், சில இடங்களில் வெள்ளிக் கம்பி போன்ற நிறம். புள்ளிச் சில்லைகள் கூட்டமாக வந்து கதிரில் உட்கார, கதிர் அவற்றின் பாரம் தாங்காமல் வளைந்து, அவை பறந்ததும் மறுபடி நிமிர்ந்தது. அதை நான் ரசித்துக்கொண்டிருக்கையில், காபியோடு மாடியேறி வந்த நண்பரின் மனைவி மனத்திலிருந்ததைச் சொல்லிவிட்டார்.

“உங்களுக்கு அழகா இருக்கு அண்ணா. எங்களுக்கு சாயங்காலமானா கொல்லைக்கதவைத் திறக்க பயமா இருக்கு. போன மாசம் எதிர்வீட்டுல பாம்பு வந்துடுச்சு. வெயில் காலத்துல எவனாவது பீடியைப் போட்டுட்டுப் போனா என்ன ஆகும்? ஒரு பொக்லைனை விட்டு வழிச்சு எடுத்தா நிம்மதின்னு இவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்.”

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் தள்ள மாட்டேன். புல்லின்மீது எனக்கிருக்கும் பிரியத்துக்காக இன்னொருவர் வீட்டுக் குழந்தை பயத்தோடு தூங்க வேண்டுமென்று சொல்வது அதர்மம். உயர்ந்த புல்லைக் காப்பாற்ற நினைக்கிறவன் முதலில் பதில் சொல்ல வேண்டியது பாம்புக்கும் நெருப்புக்கும்தான்.

நண்பர் எதிர்த்தெருவிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவரச் சொல்லியிருந்தார். கோல்ஃப் திடல்களில் முப்பது வருஷத்துக்கு மேல் புல் பராமரித்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று மாலை ஒன்றரை மணி நேரத்தில் அவரிடம் நான் கற்றதை எந்தப் புத்தகத்திலும் கற்றதில்லை. பந்தை உருட்டிக் குழியில் விடுகிற இடம் ‘கிரீன்’. அங்கே புல்லின் உயரம் மூன்று நான்கு மில்லிமீட்டர், அதாவது தலைமுடியைப் படிய வெட்டினாற்போல். பந்தை ஓங்கி அடிக்கிற நீண்ட வெளி ‘ஃபேர்வே’. அங்கே அரை அங்குலம். இரண்டுக்கும் வெளியே, ஆட்டக்காரர் வழி தவறினால் அகப்பட்டுக்கொள்கிற பிரதேசம் ‘ரஃப்’. அந்த ரஃப்பைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார்.

“புல்லை வெட்டறது ஒரு வேலையே இல்ல சார். மிஷின்ல ஏறி உக்காந்தா முடிஞ்சுது. வளர விடறதுதான் வேலை,” என்றார். “ரஃப்புக்குத் தண்ணி காட்டினா கெட்டுது. உரம் போட்டா அதைவிடக் கெட்டுது. கொழுத்துப்போய்ப் படுத்துக்கும். பந்து விழுந்தா ஆளே உள்ள போக முடியாது, பாம்பும் எலியும் அங்கதான் வந்து தங்கும். பட்டினி போட்டா நிமிந்து நிக்கும் சார், ஒவ்வொரு தூரும் தனித்தனியா. நடுவுல தரை தெரியும். தரை தெரிஞ்சா பயம் இல்ல.”

இதைக் கேட்டபோது என் மனத்திலிருந்த ஒரு சிக்கல் அவிழ்ந்தது. விழலுக்கு இறைத்த நீர் என்று வீண் முயற்சியைச் சொல்லுகிறோம். நீரைப் பற்றிய கவலையில் பிறந்த வழக்கு அது. அந்த விழலின் பக்கத்திலிருந்து பார்த்தால், இறைத்த நீர் அதற்கும் கெடுதல் என்பதைப் பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். நம் மண்ணின் புற்கள், மூன்று மாத மழையில் குடித்துவிட்டு ஒன்பது மாதம் தாங்குகிறவை. அந்த ஸ்வபாவத்தோடு விட்டால் தூர் தூராக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும். ஓயாத ஈரமும் குப்பையின் சத்தும் கிடைத்தால் அவற்றை மூடிக்கொண்டு வேறொன்று வருகிறது. மாடியிலிருந்தே அவர் சுட்டிக்காட்டினார்: சுவரை ஒட்டிச் சாக்கடை நீர் கசிகிற இடத்தில் அகன்ற இலையோடு கரும்பச்சையாகச் செறிந்து நின்றது கினியாப் புல், ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காக வந்து இங்கே தானாகவே பரவிவிட்டது. உள்ளே, மேட்டில், மெலிந்து நின்றவை நம் ஊர்ப் புற்கள். இரண்டையும் ‘புதர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதில்தான் பாதித் தவறு நேர்கிறது. எதிர்வீட்டுக்கு வந்த பாம்பு எந்தப் புல்லிலிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். அவர் புல்லைக் காட்டவில்லை. சுவரோரம் கொட்டிக்கிடந்த ஹோட்டல் குப்பையைக் காட்டினார். சோற்றுக்கு எலி வருகிறது, எலிக்குச் சாரையும் நல்ல பாம்பும் வருகின்றன.

“இந்தச் சுவத்துலேந்து பதினஞ்சு அடி, சுத்தமா, கணுக்கால் உசரத்துக்கு வெட்டி வெச்சுடணும் சார். மாசத்துக்கு ரெண்டு தடவை. பாம்பு வெட்டவெளியைத் தாண்டிச் சட்டுனு வராது. நெருப்பும் தாண்டாது. அதுக்கு உள்ள இருக்கறதை வருஷத்துக்கு ஒரு தடவை, மாசியில, விதை கொட்டினப்புறம் ஒரு சாண் விட்டு அறுக்கணும். அறுத்ததை அங்கேயே போடக் கூடாது, வாரி மாட்டுக்குக் கொடுத்துடணும். பங்குனி வெயில்ல காஞ்சு கெடந்தாத்தானே எரியும்?”

மாசியில் ஏன் என்பதையும் அவர் விளக்கினார். கார்த்திகையில் அறுத்தால் விதை வீணாகும், மழையில் மறுபடி எழுந்துவிடும். சித்திரையில் அறுப்பதற்குள் யாராவது கொளுத்தியிருப்பார்கள். தையில் கதிர் முற்றி, மாசியில் விதை உதிர்ந்து, சத்து வேருக்கு இறங்கிய பிறகு மேலே நிற்பது வெறும் தாள். அதை எடுத்துவிட்டால் புல்லுக்கும் நஷ்டமில்லை, வீட்டுக்கும் பயமில்லை. அறுத்ததை அங்கேயே மக்கவிட்டால் மண் கொழுக்கும். மண் கொழுத்தால் மெலிந்த புல் போய்க் கினியாவும் பார்த்தீனியமும் வரும். ஒரு வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் கையில் அரிவாளோடு நடந்துபோக வேண்டிய வேலைக்கு நாம் பொக்லைனைக் கூப்பிடுகிறோம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் வேட்டியின் ஓரத்தில் ஏதோ குத்தியது. வரும் வழியில் சாலையோரப் புல்லில் உரசியதில் ஊசிப்புல்லின் விதைகள் நாலைந்து தைத்துக்கொண்டிருந்தன. பெரியவர் ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, டம்ளரிலிருந்த தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். கூர்மையான முனை, அதன் பின்னே செந்நிறத்தில் மிருதுவான மயிர், அதற்கும் பின்னே கறுத்து முறுக்கிய நீண்ட வால். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த வால் உயிர் பெற்றதுபோல் மெதுவாக முறுக்கவிழ்ந்து சுழலத் தொடங்கியது. சுழலச் சுழல முனை என் உள்ளங்கையை அழுத்தித் துளைக்கப் பார்த்தது. ஈரம் பட்டால் முறுக்கவிழ்வதும் காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்வதுமாக, பனியையும் வெயிலையும் இரண்டு கைகளாகக் கொண்டு அந்த விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. தரையை வழித்தெடுத்துக் கட்டாந்தரையாக்கினால் இந்த விதைக்கும் இடமில்லை, சதுர அடிக் கணக்கில் வாங்கிய புல்லைப் பாய்போல் விரித்தாலும் இடமில்லை. கையிலிருந்ததை நான் கீழே போட மனமில்லாமல் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கோல்ஃப் என்ற விளையாட்டே இப்படிப்பட்ட புல்லில்தான் பிறந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில், உழவுக்கு உதவாத தரிசில், ஆடுகள் மேய்ந்து குட்டையாக்கிய இடத்தைத் திடலாகவும் மேயாத இடத்தைத் தடையாகவும் வைத்து ஆடினார்கள். அதன் மூலஸ்தானமாகக் கருதப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய திடல் இன்றும் ஊர்ப் பொதுச்சொத்து. 1974-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் அமைந்த ஒரு டிரஸ்ட் அதை நிர்வகிக்கிறது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் நாயோடும் குழந்தைகளோடும் அதில் உலாவுகிறார்கள். ஊரை ஒட்டிய திடல், உயர்ந்த புல், உலாவும் ஜனங்கள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க முடியாது என்று யாரேனும் சொன்னால் நான் அந்த ஊரைத்தான் உதாரணம் காட்டுவேன். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப் 1829-இல் ஏற்பட்டது நம் கல்கத்தாவில். அங்கிருந்து உலகெங்கும் பரவிய இந்த விளையாட்டு, போகப் போகத் தன் தரிசை மறந்து, எங்கே பார்த்தாலும் பச்சைக் கம்பளம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. வெப்ப நாடுகளின் திடல்களில் விரிக்கப்படும் ‘பெர்முடா புல்’ வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகுதான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற அறிஞர் அதை ஒரு ஆப்பிரிக்க இனத்தோடு கலந்து குட்டையான வகைகளை உண்டாக்கினார். அவை தரையோடு தரையாக அழகாகப் படரும்; ஆனால் கம்பளம்போல் பச்சையாக வைத்திருக்க நிறையத் தண்ணீர் கேட்கும். சென்னையில் கோடைக்குக் கோடை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கிற தெருக்களின் நடுவே 118 ஏக்கருக்கும் அந்தக் கம்பளத்தை விரிப்பதை என் மனம் ஒப்பவில்லை.

எல்லா இடத்திலும் உயர்ந்த புல்லே வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வேளச்சேரி சாலைக்கு அந்தப்புறம் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது, 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நகரத்துக்குள் இப்படி ஒரு காடு இருப்பது சென்னையின் பாக்கியம். அங்கே திருகிய கொம்போடு நிற்கிற வெளிமானுக்கு அதன் பெயரிலேயே அதன் தேவை இருக்கிறது: வெளி வேண்டும். குட்டையான புல்லை மேய்ந்து, ஆபத்து வந்தால் துள்ளி ஓடித் தப்புகிற பிராணி அது. அதன் திறந்தவெளியைப் புதரும் மரமும் மூடிவிட்டால் அதற்கு அங்கே ஜீவனம் இல்லை. நிழலிலும் பிழைத்துக்கொள்கிற புள்ளிமானுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆள்காட்டி தரையில் முட்டையிடுவதற்குக் குட்டைப் புல். கதிர்க்குருவி கூடு கட்டுவதற்கு உயர்ந்த புல். தூக்கணாங்குருவி தன் கூட்டைப் பின்னுவதற்கு நார் கிழிக்க நீண்ட தாள். ஒரே நிலத்தில் மூன்று நான்கு உயரங்கள் இருந்தால் இவர்களெல்லோரும் வாழ முடியும். கோல்ஃப் திடலின் அமைப்பில் அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் மடியில் விழுந்த கனியைப் போன்ற சௌகரியம். ஃபேர்வே இருந்த இடத்தில் ஜனங்கள் உலாவவும் குழந்தைகள் விளையாடவும் குட்டைப் புல், ரஃப் இருந்த இடத்தில் நாட்டுப் புல், சுவரோரம் வெட்டவெளி.

தண்ணீர் விஷயமும் இதனோடு சேர்ந்தது. மடுவின்கரையிலும் வேளச்சேரியிலும் தேங்குகிற நீர் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போகவேண்டியது. குளம் வெட்டியது நல்ல காரியம். ஆனால் குளத்துக்கு வருகிற நீரை மெல்ல நடத்திக் கூட்டிவருவதும், பாதியை வழியிலேயே மண்ணுக்குள் இறக்கிவிடுவதும், கரை சரியாமல் பிடித்துக்கொள்வதும் புல்லின் வேர் செய்கிற வேலை. வெட்டிவேரின் வேர் மூன்று மீட்டர் வரை இறங்குகிறது. மற்ற நாட்டுப் புற்கள் அவ்வளவு ஆழம் போகாவிட்டாலும், இரண்டு அங்குலம் வேர் விட்ட கம்பளப் புல்லைவிட எவ்வளவோ மேல்.

இருட்டுவதற்கு முன் பல்லாவரத்துக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் தெருவின் கோடியில் மலையடிவாரத்தில் ஒரு காலிமனை இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் அதில் புல் ஆளுயரம் நின்றபோது, தெருவார் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். என் கையெழுத்தும் அதில் இருந்தது. ஒரு காலையில் பொக்லைன் வந்து, புல்லை வேரோடும் மேல்மண்ணோடும் வழித்து ஓரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டது. அந்த வருஷம் கார்த்திகை மழையில் மலையிலிருந்து இறங்கிய நீர், தடுப்பார் இல்லாமல், குவித்த மண்ணையும் கரைத்துக்கொண்டு கடைசி நான்கு வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் இரவெல்லாம் மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள். மறு வருஷம் அந்த மனையில் முளைத்தது சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும். பழைய புல் இன்றுவரை திரும்பவில்லை. அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் சுவரோரம் பதினைந்து அடியை மட்டும் வெட்டச் சொல்லியிருப்போம். மாசியில் மாட்டுக்காரரைக் கூப்பிட்டு அறுத்துக்கொள்ளச் சொல்லியிருப்போம். எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டைப்பையிலிருந்த ஊசிப்புல் விதையை அந்த மனையின் மேட்டில் போட்டேன். புது அரிவாளால் என் வீட்டுக் கொல்லையில் மதிலோரத்தை மட்டும் அறுத்துவிட்டு மீதியை மாசிக்கு விட்டுவைத்தேன். வீட்டாரும் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள்.

கிண்டியில் பூங்கா அமைக்கும் பொறுப்பிலுள்ளவர்களை நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. அந்தத் திடல்களில் புல் வளர்த்த தொழிலாளர்கள் இன்னும் மடுவின்கரைத் தெருக்களில் இருக்கிறார்கள். வரைபடத்தை முடிவு செய்வதற்குள் அவர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு நிலத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வீடுகளை ஒட்டிய சுவரோரக் குப்பையை முதலில் வாருங்கள். பதினைந்து அடியை மாதம் இருமுறை வெட்டுங்கள். உள்ளே மேட்டுப் பாங்கான இடத்தில் இருபது ஏக்கரையாவது நாட்டுப் புல்லுக்கு விட்டு, அதற்குத் தண்ணீர்க் குழாய் போடாமல் இருங்கள்.